ஒரு வசனத்திலேயே நின்றுவிட்டால் தப்பா?

அஸ்ஸலாமு அலைக்கும். போன இதழில் “சிந்திப்பதும் இபாதத்துதான்”, அதாவது வணக்கம்தான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கவே ஒரு காலைப் பொழுது போய்விட்டது. பாதிப் பேருக்குச் சந்தோஷம், மீதிப் பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். மாமியார், ஜகாத், பிள்ளைகளின் செல்போன் என்று வழக்கமாக வரும் கேள்விகள் அடுத்த மாதம் வரை காத்திருக்கட்டும். புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒன்றை மறுபடி சொல்லிவைக்கிறேன்: நான் மார்க்கம் படித்த ஆலிமா இல்லை. கீழக்கரையில் இருக்கும், விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்ற டீச்சர். ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கேட்டு எழுதாதீர்கள்.

*கேள்வி: ஒவ்வொரு ரமலானிலும் மூன்று கத்தம் (முழுக் குர்ஆன்) முடிப்பேன் டீச்சர். கல்லூரியில் படிக்கும் என் மகள், “அர்த்தம் தெரியாம ஓதி என்னம்மா புண்ணியம்?” என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து ஓத உட்கார்ந்தாலே மனசு என்னவோ போல இருக்கிறது.*
*(ஒரு வாசகி, மேலப்பாளையம்)*

முதலில் மகளைத் திட்டாதீர்கள். ஆனால் அவள் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம்.

ஓதிய ஒவ்வொரு எழுத்துக்கும் நன்மை உண்டு, அந்த நன்மை பத்து மடங்காகும், அலிஃப் லாம் மீம் என்பது ஓர் எழுத்தல்ல, அலிஃப் ஓர் எழுத்து, லாம் ஓர் எழுத்து, மீம் ஓர் எழுத்து என்று திர்மிதி தொகுப்பில் ஒரு ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. அதற்கு உதாரணமாக எடுத்த எழுத்துகளைப் பாருங்கள். அந்த மூன்றுக்கும் என்ன பொருள் என்பதை “அல்லாஹ்வே அறிந்தவன்” என்று விட்டுவிட்ட விரிவுரையாளர்கள் பலர். ஆக, பொருள் தெரியாமல் ஓதியதெல்லாம் வீண் என்று யாரும் உங்களிடம் சொல்ல முடியாது. இதை மகளிடம் சொல்லுங்கள்.

சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் இருக்கும் நியாயத்தையும் கேளுங்கள். “அவர்கள் இந்தக் குர்ஆனை ஆழ்ந்து சிந்திக்க வேண்டாமா? அல்லது உள்ளங்களின் மீது பூட்டுகள் இருக்கின்றனவா?” என்று 47ஆம் அத்தியாயத்தில் ஒரு வசனம். ஒரு முழு இரவும் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப ஓதி நபி (ஸல்) அவர்கள் நின்று தொழுததாக நபித்தோழர் அபூதர் (ரலி) அறிவிக்கிறார்கள். “நீ அவர்களைத் தண்டித்தால் அவர்கள் உன் அடியார்களே” என்று தொடங்கும், 5ஆம் அத்தியாயத்தின் 118ஆம் வசனம் அது. விடியும் வரை அது ஒன்றுதான். இன்னொரு தோழர் இப்னு உமர் (ரலி) அல்பகரா என்ற சூராவை (அத்தியாயத்தை) கற்க எட்டு வருடம் எடுத்துக்கொண்டதாக இமாம் மாலிக்கின் முவத்தா என்ற ஹதீஸ் நூலில் வருகிறது. நம் மதரஸாவில் எட்டு வருடம் ஒரு பிள்ளை அல்பகராவிலேயே இருந்தால் வாப்பாவைக் கூப்பிட்டு அனுப்பியிருப்பார்கள்.

மூன்று நாளுக்குள் குர்ஆனை ஓதி முடித்தவர் அதை விளங்கிக்கொள்ளவில்லை என்றும் ஹதீஸ் இருக்கிறது. உங்கள் கணக்குக்குப் பத்து நாளுக்கு ஒரு கத்தம். தப்பித்தீர்கள்.

என் கதையைச் சொல்கிறேன். சின்ன வயதில் ஓதப் போன இடத்தில் காஷியா சூராவில் “இபில்” என்று ஒரு சொல் வந்தது. உஸ்தாதிடம் அது என்ன என்று கேட்டேன். “ஒட்டகம். அடுத்த ஆயத்தை ஓது” என்றார். ஓதினேன். அதற்கப்புறம் முப்பது வருடம் ஓதிக்கொண்டே இருந்தேன். பெருநாள் தொழுகையிலும் ஜும்ஆவிலும் நபியவர்கள் ஓதிவந்த சூரா அது, காதில் விழாத வருடமே கிடையாது.

பிறகு ஒரு கோடை விடுமுறையில் எங்கள் தெருவுக்கு வடக்கத்திக்காரர் ஒருவர் ஒட்டகத்தை நடத்திக்கொண்டு வந்தார். பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்றுக்குப் பத்து ரூபாய். என் மகன் ஏறிக்கொண்டான், நான் கயிற்றுப் பக்கத்தில் நின்றேன். ஒட்டகத்தின் முகம் எனக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. இமை முடி இரண்டு அடுக்கு. ஒரு புழுதிக் காற்று அடித்ததும் மூக்குத் துவாரம் இரண்டும், சுருக்குப் பையின் வாயை இழுத்தது போல, மெதுவாக மூடிக்கொண்டன. காற்று நின்றதும் திறந்தன. அதன் சிவப்பணு மற்றப் பாலூட்டிகளுடையது போல வட்டமில்லை, நீள்வட்டம் என்பதையும், திமிலில் இருப்பது தண்ணீரல்ல, கொழுப்பு என்பதையும், தாகத்தில் தவிக்கும் ஒட்டகம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நூறு லிட்டருக்கு மேல் குடித்துவிடும் என்பதையும் நான் கரும்பலகையில் வருடா வருடம் எழுதிப்போட்டவள். மூக்கு மூடுவதும் பாடத்தில் உண்டு. ஆனால் பார்த்ததில்லை.

அன்றைக்கு இஷா தொழுகைக்குப் பிறகு தர்ஜுமாவை (குர்ஆன் மொழிபெயர்ப்பை) எடுத்து அந்த இடத்தைப் பிரித்தேன். “ஒட்டகத்தை அவர்கள் பார்க்க வேண்டாமா, அது எப்படிப் படைக்கப்பட்டிருக்கிறது என்று?” அடுத்து வானம், எப்படி உயர்த்தப்பட்டது. மலைகள், எப்படி நாட்டப்பட்டன. பூமி, எப்படி விரிக்கப்பட்டது. நான்கு இடத்திலும் “கைஃப”, அதாவது எப்படி. யார் படைத்தான் என்று அங்கே கேட்கவில்லை, எப்படி என்று கேட்கிறது. என் ஆய்வுக்கூடத்தில் கேட்க வேண்டிய கேள்வி என் முஸ்ஹஃபில் (குர்ஆன் பிரதியில்) முப்பது வருடமாகக் கிடந்திருக்கிறது.

அதனால் இந்த ரமலானில் இரண்டு கத்தத்தோடு நிறுத்திக்கொண்டு, மிச்ச நேரத்தில் மகளையும் உட்காரவைத்து ஒரு சின்ன சூராவை எடுத்துப் பாருங்கள். அவள் தர்ஜுமாவை வாசிக்கட்டும், நீங்கள் ஓதுங்கள். ஒரு வசனத்தில் இரண்டு பேரும் நின்றுவிட்டால் நில்லுங்கள், அவசரமில்லை.

*கேள்வி: மூன்று பிள்ளைகள், படுக்கையில் மாமனார். சுபுஹுக்கு எழுந்தால் பதினொரு மணிக்குத்தான் கட்டிலைப் பார்க்கிறேன். எங்கே உட்கார்ந்து சிந்திக்கச் சொல்கிறீர்கள்?*
*(ஒரு வாசகி, அதிராம்பட்டினம்)*

உட்காரச் சொன்னது யார்? ஆலு இம்ரான் சூராவின் கடைசிப் பத்து வசனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நபியவர்கள் இரவில் எழுந்து, முகத்திலிருந்து தூக்கத்தைக் கையால் துடைத்துவிட்டு, அவற்றை ஓதியதை அன்றிரவு அந்த வீட்டில் தங்கியிருந்த சிறுவர் இப்னு அப்பாஸ் (ரலி) பார்த்துச் சொல்லியிருக்கிறார். அறிவுடையோர் யார் என்று அங்கே சொல்லப்படுகிறது: நின்றும், இருந்தும், விலாப்புறமாகப் படுத்தும் அல்லாஹ்வை நினைப்பவர்கள், வானங்கள் பூமியின் படைப்பைப் பற்றிச் சிந்திப்பவர்கள். நிற்பதுதான் முதலில் வருகிறது. நீங்கள் நாள் முழுக்க நிற்கிறீர்கள்.

வாப்பாவின் உம்மாவை நாங்கள் கண்ணும்மா என்று கூப்பிடுவோம். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது, அரபு எழுத்தில் எழுதும் தமிழான அரபுத் தமிழைக் கடகடவென்று வாசிப்பார். கொல்லையில் அரிவாள்மணையைப் போட்டு மீன் ஆய்வது அவருடைய வேலை, சுற்றிலும் இரண்டு பூனை. ஒரு நாள் பெரிய விளைமீன் ஒன்று. செவுள் மூடியைக் கட்டைவிரலால் தூக்கிவிட்டு, அறுக்காமல் அப்படியே வைத்திருந்தார். உள்ளே சிவப்புச் சீப்பு போல அடுக்கடுக்காக இருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை அதன் மேல் மெல்ல ஊற்றினார். ஒட்டிக்கிடந்த இழைகள் பிரிந்து, பூ மாதிரி விரிந்தன. தண்ணீர் வடிந்ததும் மறுபடி ஒட்டிக்கொண்டன. “ரப்பனா மா கலக்த ஹாதா பாத்திலா” என்றார். எங்கள் இறைவா, இதை நீ வீணாகப் படைக்கவில்லை. அப்புறம் செவுளை அறுத்துப் பூனைக்குப் போட்டார்.

செவுளில் தண்ணீர் ஒரு பக்கம் ஓட, இரத்தம் அதற்கு எதிர்ப் பக்கம் ஓடுகிறது, அதனால்தான் தண்ணீரில் கரைந்திருக்கும் கொஞ்ச ஆக்சிஜனில் 80 விழுக்காடு வரை மீனால் எடுத்துக்கொள்ள முடிகிறது என்று கல்லூரியில் படித்தபோது எனக்குக் கொல்லைப்புறம்தான் ஞாபகம் வந்தது. தண்ணீரை விட்டு வெளியே எடுத்த மீன், சுற்றிலும் காற்று இருந்தும் ஏன் மூச்சு முட்டிச் சாகிறது என்பதையும் கண்ணும்மா ஒரு சொம்புத் தண்ணீரில் காட்டிவிட்டார். இழைகள் ஒட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

மொத்தமாக ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. குழம்பும் தாமதமாகவில்லை.

*கேள்வி: “ஒரு மணி நேரச் சிந்தனை அறுபது வருட வணக்கத்தைவிடச் சிறந்தது” என்ற ஹதீஸ் எந்த நூலில் இருக்கிறது? எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் வருகிறது.*
*(ஒரு பொறியியல் மாணவர், திருச்சி)*

ஹதீஸ் கலை அறிஞர்கள் இதை ஏற்கவில்லை தம்பி. இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களைத் தொகுத்த இப்னுல் ஜவ்ஸியின் பட்டியலில் இது இருக்கிறது. முன்னோர் சிலர் சொன்னதாக வருவது இதைவிட அடக்கமான வார்த்தை: கொஞ்ச நேரச் சிந்தனை ஓர் இரவு நின்று தொழுவதைவிட மேல் என்று. ஓர் இரவு அறுபது வருடமானது எப்படி என்று தெரிய, உங்கள் குடும்பக் குழுவில் வதந்திகள் வளரும் விதத்தைக் கவனித்தால் போதும்.

சிந்தனையின் சிறப்பைப் பற்றிய செய்தியைச் சிந்திக்காமல் அனுப்புகிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யர் என்பதற்குப் போதும் என்பது முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கும் ஹதீஸ். இதைக் குழுவில் போடுங்கள். போடுவதற்கு முன் உங்கள் பெரியப்பா அந்தக் குழுவில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிந்தனையைச் சிறப்பிக்க இட்டுக்கட்ட வேண்டிய தேவையே இல்லை. நபித்தோழர் அபூதர்தா (ரலி) மறைந்த பிறகு, அவர் அதிகமாகச் செய்த வணக்கம் எது என்று அவர் மனைவி உம்முத் தர்தாவிடம் கேட்டார்கள். எத்தனை ரக்அத், எத்தனை நோன்பு என்று அவர் கணக்குச் சொல்லவில்லை. “சிந்திப்பதும் படிப்பினை பெறுவதும்” என்றார். கட்டிய மனைவியின் சாட்சி. இதைவிடக் கண்டிப்பான சாட்சி ஒரு கணவனுக்குக் கிடைக்காது.

*கேள்வி: என் மகனுக்கு 14 வயது. “எல்லாத்தையும் அல்லாஹ் படைச்சான்னா அல்லாஹ்வ யார் படைச்சது?” என்று ஓதும் இடத்தில் கேட்டிருக்கிறான். ஷைத்தான் புகுந்துவிட்டான் என்று சொல்லிப் பிள்ளைகள் முன்னால் அடித்திருக்கிறார்கள். இப்போது ஓதப் போக மாட்டேன் என்கிறான். அவனுக்கு ஈமான் (இறைநம்பிக்கை) போய்விட்டதோ என்று எனக்குத் தூக்கமே இல்லை.*
*(பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதிய ஒரு தாய்)*

தூங்குங்கள் தங்கச்சி. உங்கள் மகன் கேட்ட அதே கேள்வி ஹதீஸில் இருக்கிறது. இதைப் படைத்தது யார், அதைப் படைத்தது யார் என்று கேட்டுக்கொண்டே வந்து, உன் இறைவனைப் படைத்தது யார் என்று ஷைத்தான் கேட்பான், அந்த இடம் வந்ததும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி நிறுத்திக்கொள்ளுங்கள் என்று நபியவர்கள் சொன்னார்கள். கேள்வி வரும் என்று முன்கூட்டியே சொல்லி, வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லியிருக்கிறார்கள். வந்தவனை அடிக்கச் சொல்லவில்லை.

இன்னொரு சம்பவம், இதுவும் முஸ்லிமில். தோழர்கள் சிலர் வந்து, “வாய்விட்டுச் சொல்லவே பயப்படும் எண்ணங்கள் எங்களுக்குள் வருகின்றன” என்றார்கள். “அப்படியா உணர்கிறீர்கள்? அதுதான் தெளிவான ஈமான்” என்பது பதில். அந்த எண்ணம் அவர்களை உறுத்தியதே, அந்த உறுத்தல்தான் ஈமான் என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள்.

மகனிடம் இப்ராஹீம் நபியைப் பற்றிப் பேசுங்கள். “இறந்தவர்களை நீ எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று எனக்குக் காட்டு” என்று அல்லாஹ்விடமே கேட்டவர். “நீர் நம்பவில்லையா?” “நம்புகிறேன், ஆனாலும் என் உள்ளம் அமைதி பெறுவதற்காக.” கேட்டதற்காக அவர் தண்டிக்கப்படவில்லை, நான்கு பறவைகளைக் கொண்டு செய்முறை காட்டப்பட்டது. 2ஆம் அத்தியாயம், 260ஆம் வசனம். அங்கேயும் “கைஃப”தான், கவனித்தீர்களா?

அவன் கேள்விக்கே வந்தால், படைக்கப்பட்ட பொருளுக்குத்தான் படைத்தவன் யார் என்று கேட்க முடியும், படைக்கப்படாதவனைப் பற்றி அந்தக் கேள்வியே பொருந்தாது என்று சொல்லலாம். 14 வயதுக்கு அது புரியும். புரியாவிட்டால் மறுபடி கேட்பான், கேட்கட்டும்.

அடித்தவர் மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் அதிகம் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு வருடம் எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை, “டீச்சர், கரப்பான்பூச்சி இரத்தம் ஏன் சிவப்பா இல்ல?” என்று கேட்டாள். பரீட்சைக்கு இரண்டு வாரம், பாடம் முடியவில்லை. “சிலபஸ்ல இல்ல, உட்காரு” என்று சொல்லிவிட்டேன். அந்த வருடம் முழுக்க அவள் மறுபடி கை தூக்கவில்லை. நான் கவனித்தபோது மார்ச் மாதம் ஆகிவிட்டது.

அவனுக்கு வேறு உஸ்தாதைப் பாருங்கள்.

*கேள்வி: மார்க்கத்தில் சிந்திப்பது ஆலிம்களின் வேலை. ஆளாளுக்குச் சிந்திக்கக் கிளம்பினால் குழப்பம்தான் வரும். பெண்களுக்கு இப்படியெல்லாம் எழுதலாமா?*
*(ஒரு தோல் வியாபாரி, வாணியம்பாடி)*

இரண்டு வேலையைக் குழப்பிக்கொள்கிறீர்கள் பாய். சட்டம் எடுப்பது ஒரு வேலை. அதற்கு அரபியும் உசூலும் (சட்டம் எடுக்கும் நெறிமுறை) வேண்டும், அது என் வேலை இல்லை என்று மேலேயே சொல்லிவிட்டேன். தகுதி உள்ளவர் ஆய்ந்து சரியாகச் சொன்னால் இரண்டு கூலி, தவறினாலும் ஒரு கூலி என்று புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. சட்டத் துறையிலேயே யோசித்த உழைப்புக்குத் தனிக் கூலி.

மற்றது தஃபக்குர், அதாவது சிந்திப்பது. அதற்கு லைசென்ஸ் கிடையாது. இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யா என்ற நூலை நாற்பது பாகமாக வகுத்தார், 39ஆவது பாகம் முழுக்க அதற்குத்தான். 34ஆம் அத்தியாயத்தின் 46ஆம் வசனம் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று கொஞ்சம் பாருங்கள். நபியை மறுத்த மக்கத்து ஆட்களிடம், “ஒரே ஒரு விஷயத்தைத்தான் உங்களுக்கு உபதேசிக்கிறேன். இருவர் இருவராகவோ தனித்தனியாகவோ அல்லாஹ்வுக்காக எழுந்து நின்று, பிறகு சிந்தித்துப் பாருங்கள்” என்று சொல்லச் சொல்கிறது. நம்பாதவனையே யோசி என்கிறபோது நம்பியவளை வேண்டாம் என்பதா?

அதில் “கூட்டமாக” என்று இல்லை என்பதையும் பாருங்கள். கூட்டத்தில் புத்தி கலங்கும், தனியாகவோ ஒரு துணையோடோ இருக்கும்போதுதான் தெளியும் என்று பழைய விரிவுரையாளர்களும் இந்த இடத்தில் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் பயப்படும் குழப்பம் பெரும்பாலும் மேடையும் மைக்கும் இருக்கும் இடத்தில்தான் வருகிறது, அடுப்படியில் இல்லை.

*கேள்வி: ஒரு காலத்தில் உலகத்துக்கே விஞ்ஞானம் கொடுத்தோமே, அந்தப் பெருமையை எழுதக் கூடாதா?*
*(ஒரு வாசகர், மதுரை)*

மீலாது மேடைகளில் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ஒருவரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், கண்ணிலிருந்து கதிர் கிளம்பிப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கருத்தை மறுத்து, ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று சோதித்துக் காட்டியவர். அதைவிட எனக்குப் பிடித்தது பழைய வானியல் அறிஞர் தாலமியின் மேலேயே அவர் சந்தேகங்களை எழுதிய துணிவு. உண்மையைத் தேடுபவர் முன்னோர் எழுத்தை நம்பி உட்காராமல் அதைச் சந்தேகிக்க வேண்டும், தன்னையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டும் என்றார். அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிற பள்ளிக்கூடத்தில் ஒரு பட்டகமும் இருட்டறையும் இருக்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

*கேள்வி: நீங்கள் இப்போது எந்த வசனத்தில் நிற்கிறீர்கள் டீச்சர்?*
*(ஒரு பழைய மாணவி, சென்னை)*

தபாரக் சூராவின் கடைசி வசனத்தில். நாற்பது வருடமாக இரவில் தூங்கும் முன் ஓதுகிறேன். முப்பது வசனத்தில் முப்பதாவது என்பதால் பெரும்பாலும் கொட்டாவியோடு. “உங்கள் தண்ணீர் பூமிக்குள் வற்றிப்போய்விட்டால், ஓடும் தண்ணீரை உங்களுக்கு யார் கொண்டுவருவார் என்று கேளும்.”

எங்கள் வீட்டுக் கிணறு வாப்பா காலத்தில் இனித்தது. என் கல்யாணத்துக்கு அதில் இறைத்துத்தான் பிரியாணி ஆக்கினார்கள். பிறகு சுற்றிலும் ஆழ்துளை போட்டார்கள், நாங்களும் போட்டோம். பக்கத்திலேயே கடல். கொஞ்சம் கொஞ்சமாகக் கரித்து, இப்போது பாத்திரம் கழுவத்தான் அந்தத் தண்ணீர். குடிக்கத் தள்ளுவண்டியில் வருவதை வாங்குகிறோம். நான்கு மாதமாக ஓதும்போது அந்த வசனத்துக்கு வந்தால் கொட்டாவி வருவதில்லை. “யார் கொண்டுவருவார்” என்ற கேள்விக்கு முன்னால், வற்றவைத்தது யார் என்று இன்னொரு கேள்வி வந்து நிற்கிறது. அதற்கு என் வீட்டு மோட்டார் சுவிட்சும் பதில் சொல்ல வேண்டும்.

வண்டிக்காரர் மணி அடிக்கிறார். மூன்று குடம், நாற்பத்தைந்து ரூபாய். மற்றவை அடுத்த இதழில்.